முதலில் அகப்பட்ட கோப்பு

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பது. வானத்தில் மேகம் இல்லை. புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வாசல் கம்பியில் நான் மாட்டி வைத்திருக்கும் வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது. கொடைக்கானலுக்கே பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் இந்தக் குளிர் அதிகம் என்று நினைத்துக்கொண்டு நிற்கும்போது கைபேசி அடித்தது.

"சார், மேலூரு கேரட்டுக் காட்டுக்காரி பேசுறேன். நீங்க இன்னிக்கு வர்றீங்களா, இல்ல நான் பொறப்பட்டு வந்து கையோட உங்களைக் கூட்டிட்டுப் போகட்டா?"

"வருகிறேன் அம்மா" என்றேன்.

"வெரசா வாங்க. நேத்து சாயங்காலம் மண்ணைக் கிண்டிப் பாத்தேன். மேல் ரெண்டு அடுக்கும் பொடியாக் கெடக்கு."

அவருடைய காடு பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகும் வழியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. நாற்பத்தைந்து வீடுகள். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். ஊருக்கு மேலே சோலைக்குள் ஓர் ஊற்று, அதன் கீழே ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டியிலிருந்து குழாய்கள் வழியாக எல்லாக் காட்டுக்கும் தண்ணீர் தானாகவே இறங்கும். மழை இல்லாத மாதங்களில் ஒரு நாளைக்கு ஐந்து வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாளில் ஒரு சுற்று. இந்த அம்மாள் ஒன்பதாம் தேதி, முந்தின நாள் பாய்ந்த ஈரத்தில், சரிவில் படிப்படியாக வெட்டிய எட்டு அடுக்கில் கேரட் விதைத்திருந்தார். கேரட் விதை மேலாகத்தான் கிடக்கும். முளை வெளியே வருவதற்குள் மேல்மண் காய்ந்துவிட்டால் அது உள்ளேயே கருகிவிடும். அவருடைய அடுத்த முறை பதினேழாம் தேதி சனிக்கிழமை. அன்று ஊரில் யாரும் வால்வைத் திறக்கவில்லை. ஞாயிறும் திறக்கவில்லை, திங்களும் திறக்கவில்லை. தொட்டி நிரம்பி ஓடையில் வழிந்துகொண்டிருந்தது. கீழே காடுகள் காய்ந்துகொண்டிருந்தன.

காரணம், நான் எழுதிக் கொடுத்த ஒரு கணினி நிரல்.

மூன்று வருடங்களுக்கு முன் அந்த ஊரில் தண்ணீர் முறைக்காகப் பெரிய சண்டை நடந்தது. இரவோடு இரவாகக் குழாயை வெட்டினார்கள். ஒருவர் கை முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தின. யார் வரிசை போட்டாலும் அவர் தன் பங்காளிக்குச் சாதகமாகப் போட்டார் என்று ஒரு பேச்சு வந்தது. அப்போதுதான் ஊரில் விதைக்கடை வைத்திருப்பவர் என்னிடம் வந்தார். நான் முப்பத்து நான்கு வருடம் சென்னையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்தவன், ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்து சும்மா இருப்பவன் என்று அவருக்குத் தெரியும். ஆண்டுதோறும் அவரிடம்தான் பூண்டு வாங்குவேன்.

"மனுசன் போட்டாத்தான சார் சண்டை? மெசின் போடட்டும்" என்றார்.

ஜாவாவில் எழுதிக் கொடுத்தேன். கடையில் இருக்கும் கணினியில் அது ஓடும். மாலை ஆறு மணிக்கு மறுநாள் யார் யார் முறை என்று கணக்குப் போட்டு, கணினியோடு இணைத்த ஒரு சிம் வழியாக நாற்பத்தைந்து கைபேசிக்கும் செய்தி அனுப்பும். அது ஒழுங்காக ஓடுகிறது என்று கண்டதும் ஊர்க்காரர்கள் கோயிலுக்குப் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். அந்தச் செய்தி வராமல் யாரும் வால்வைத் தொடுவதில்லை. சாவும் திருவிழாவும் தவிர வேறு எதற்காகவும் வரிசையை மாற்றுவதும் இல்லை.

சத்தியத்தைப் பற்றி எனக்குப் பின்னால்தான் சொன்னார்கள். முன்னால் சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். நாற்பத்தைந்து வீட்டுச் சோற்றை ஒரு நிரலின் தலையில் ஏற்றி வைக்கிறவர்கள், அந்த நிரல் எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது பதின்மூன்று கோப்புகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் இரண்டுதான் நான் எழுதியவை. தேதியைப் படிப்பது, சிம்மோடு பேசுவது, தமிழ் எழுத்தைச் செய்தியாக மாற்றுவது என்று மற்ற பதினொன்றும் நான் முகம் பார்க்காத யார் யாரோ எந்தெந்த நாட்டிலோ எழுதி வைத்தவை.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் புதுக் கணினி வாங்கினார். பழையதில் இருந்ததையெல்லாம் அதற்கு மாற்றினார், மாற்றி முடித்ததும் பழையது அடியோடு நின்றுபோனது. மாலை ஆறுக்கு ஓட்டினார், உடனே என்னை அழைத்தார்.

"சார், செவப்பு எழுத்தா என்னமோ வந்து நிக்குது."

ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். நாட்காட்டி என்னும் பகுதியில் முறையைத் தள்ளி வைக்கும் வழி எதுவும் இல்லை என்று கணினி சொல்கிறது. இதை எப்படி நம்புவது? அந்த நாட்காட்டியை எழுதியவனே நான். முறையைத் தள்ளி வைக்கும் வழியைப் போன வருடம்தான் சேர்த்தேன். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் தண்ணீர் திறப்பதில்லை, எல்லாருடைய முறையும் ஒரு நாள் தள்ளிப்போகும். முதலில் எழுதியபோது எனக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரிந்ததும் நாட்காட்டிக் கோப்பைப் புதிதாக எழுதி, பெயரில் இரண்டு என்று போட்டுக் கொடுத்தேன். என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். அது அங்கேயே இருக்கிறது.

"நாட்காட்டிக் கோப்பு இருக்கிறதா பாருங்கள்."

"இருக்கு சார்."

"புதியதா?"

"புதுசுதான் சார். பேருலயே ரெண்டுன்னு போட்டிருக்கு."

இதற்குமேல் என்ன கேட்பது? அணைத்துப் போடச் சொன்னேன். ஜாவாவை நீக்கி மறுபடி நிறுவச் சொன்னேன், இரண்டு தடவை. இங்கிருந்தபடியே அந்தத் திரையைப் பார்க்கலாமென்றால் அந்த ஊரில் சிக்னல் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தலைவரைக் கூப்பிட்டு, வரிசையை நான் என் கணினியில் போட்டு வாயால் சொல்கிறேன், வால்வைத் திறந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட, எழுபத்து நான்கு.

"வாய் வார்த்தைக்கு நாங்க சூடம் அணைக்கலையே சார்" என்றார். கோபமே இல்லை அவர் குரலில். அதுதான் எனக்குக் கோபமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழரைப் பஸ்ஸில் ஏறினேன். மடிக்கணினி, மாத்திரை டப்பா, கம்பளித் தொப்பி. வளைவு வரும்போதெல்லாம் எண்ணுவது என் வழக்கம். அன்று எழுபதுக்குமேல் விட்டுவிட்டேன். வழி முழுவதும் எனக்கு அந்தச் சிவப்பு வரிதான். இருக்கிற ஒன்றை இல்லை என்று ஓர் இயந்திரம் ஏன் சொல்ல வேண்டும்?

கடை வாசலில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். கேரட்டுக்கார அம்மாள் முன்னால் நின்றார். கடைக்காரருக்கு அவர் அண்ணன் மனைவி.

"வந்துட்டாரு டாக்டரு" என்றார். "ஏலே, வழிய விடுங்கடா. கொழுந்தனாரே, அந்தச் சீமை மெசினைத் தொறந்து காட்டும்."

"மதினி, சும்மா இரு. நானே கிறுக்குப் பிடிச்சுக் கெடக்கேன்."

"நீரு எப்ப தெளிஞ்சிருந்தீரு?"

சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் எல்லாருமே மண் காய்ந்துகொண்டிருப்பவர்கள்தான். உரச் சாக்குகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். புதுக் கணினியின் மேல் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. நிரலை ஓட்டினேன். அதே சிவப்பு வரி. அது ஓடுவதற்கு வேண்டிய கோப்புகள் இருக்கும் கோப்புறையைத் திறந்தேன். திறந்ததும் நான் செய்வது ஒன்றுதான். எண்ணினேன். பதினான்கு.

மறுபடி எண்ணினேன். நான் கொடுத்தது பதின்மூன்று.

ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்துக்கொண்டு வந்தேன். மேலிருந்து மூன்றாவதாக, ஆங்கில எழுத்தில் 'பழசு' என்று தொடங்கும் பெயரோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. திறந்து பார்த்தேன். நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த நாட்காட்டி, சாவு தெரியாத நாட்காட்டி.

"இதை ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள்?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அதுவா சார், போன வருசம் நீங்க புதுசு குடுத்தப்ப பழசுக்குப் பேரை மாத்தி ஓரமா வச்சேன். புதுசு ஓடுமோ ஓடாதோ, யாரு கண்டா? வெளியூரு வெதப்பூண்டு வாங்குனாலும் நம்ம பழைய வெதையில ரெண்டு கட்டு அடுப்புக்கு மேல தொங்கத்தான் செய்யும். புதுசு மொளைச்ச பெறவுதான எறக்குவோம்?"

"புதியதுதான் ஒரு வருடம் ஓடியதே, அப்புறமும் ஏன் எடுக்கவில்லை?"

"அது பாட்டுக்குக் கெடக்குன்னு விட்டேன். இப்ப மாத்துறப்பவும் ஒண்ணு விடாம எடுத்துட்டு வந்திருக்கேன் சார்!"

அந்த மலையில் அப்படித்தான். குழாய் மாற்றினால் பழைய குழாயைப் பிடுங்குவதில்லை, அதன் பக்கத்திலேயே புதியதைப் பதிப்பார்கள். புதுக் கொட்டகை போட்டாலும் பழைய கொட்டகை நிற்கும். உறைபனியில் ஒரே இரவில் ஒரு வெள்ளாமையை இழந்து பார்த்தவர்கள் அவர்கள். கையில் இருப்பதை எறிய அவர்களுக்கு மனம் வராது. பூண்டுக்கு அது நல்ல பழக்கம். ஜாவாவுக்குப் பொல்லாத பழக்கம்.

ஏன் என்று கடைக்காரருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒரு நிரல் ஓடும்போது தனக்கு வேண்டிய பகுதியைப் பெயர் சொல்லிக் கேட்கும். தேடிக் கொண்டுவந்து தருவதற்கென்று உள்ளே ஓர் ஏவலாள் உண்டு. அவன் கோப்பின் வெளிப்பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் பகுதியின் பெயரைத்தான் பார்ப்பான். கோப்புகளுக்கு வெளியே பழசு என்று எழுதினாலும் இரண்டு என்று எழுதினாலும், உள்ளே இரண்டிலும் இருப்பது நாட்காட்டி. அவன் வரிசையாகப் போவான். அந்தப் பெயரில் முதலில் எது அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவான். இன்னொன்று இருக்கிறதா, அது இதைவிட நல்லதா என்று பார்க்கமாட்டான். அந்த வரிசையும் கணினிக்குக் கணினி மாறும். பழைய கணினியில் புதியது முன்னால் இருந்தது, ஒரு வருடம் ஓடியது. புதுக் கணினியில் பழையது முன்னால் வந்துவிட்டது. இரண்டு கணினியிலும் தவறு இருந்தது. ஒன்றில் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இருக்கிறதா என்றுதான் நான் மூன்று நாளும் கேட்டேன். அது இருந்தது. அதே பெயரில் வேறொன்றும் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

அலுவலகத்தில் இதைவிட மோசமானதை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். தவணைக் கணக்குப் பகுதிக்கு ஒரு பொதுக் கோப்பின் பழைய பதிப்பு வேண்டும், ரசீதுப் பகுதிக்கு அதே கோப்பின் புதிய பதிப்பு வேண்டும். இரண்டையும் போட்டால் ஏவலாள் ஒன்றைத்தான் எடுப்பான். எடுக்கப்படாத பதிப்பை நம்பியிருக்கும் பகுதியில் நிரல் நின்றுவிடும். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், எவர்மேலும் குற்றம் இல்லை, ஆனால் மாதக் கடைசியில் எல்லாரும் சட்டை கசங்க உட்கார்ந்திருப்போம். அப்போது காத்திருந்தது காகிதம். இங்கே வாசலில் மனிதர்கள் நின்றார்கள்.

பழைய கோப்பை அந்தக் கோப்புறையிலிருந்து எடுத்தேன். அழிக்கவில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்த்து, வேறோர் இடத்தில் வைத்தேன். நிரலை ஓட்டினேன். சிவப்பு இல்லை. மாலை ஆறுக்கு முன் ஓட்டினால் அது அன்றைய வரிசையைப் போட்டு, செய்தி அனுப்பட்டுமா என்று கேட்டு நிற்கும். திரையில் ஐந்து வீட்டு எண்கள் வந்தன. மணி பதினொன்று நாற்பது.

"ஓடிருச்சு!" என்று கடைக்காரர் வாசலைப் பார்த்துக் கத்தினார்.

கேரட்டுக்கார அம்மாள் உள்ளே வந்தார். "என் நம்பரு வந்திருக்கா?"

அவர் வீடு பதினேழாம் எண். வந்திருந்தது முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வரை. செவ்வாய்க்கிழமைக்கு உரிய ஐந்து வீடு. நிரல் தேதியைப் பார்த்துப் போடுகிறது. சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாளும் அதன் கணக்கில் தண்ணீர் பாய்ந்து முடிந்தவை.

"அப்ப எனக்கு?"

"இருபத்தாறாம் தேதி."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரியாகிவிட்ட நிரல் அவருடைய கேரட்டைக் கொல்லப் போகிறது. இரண்டு வரியில் வரிசையை மாற்ற என்னால் முடியும். வாசலில் நின்ற ஊர்த் தலைவரைப் பார்த்தேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"கையை வச்சு மாத்தாதீங்க சார். ஒரு தடவை மாத்துனா, நாளைக்கு இன்னொருத்தன் மாத்தச் சொல்லுவான். பழையபடி குழாய வெட்டுவானுங்க. சாவுக்கும் திருவிழாவுக்கும் மட்டுந்தான் தள்ளணும்."

"திருவிழாவுக்கு ஆறு மாசம் கெடக்கு" என்றார் ஒருவர்.

"அதுக்குள்ள யாராச்சும் சாகணும். மாமா, உமக்குத் தோதுப்படுமா?" என்றார் இன்னொருவர். தலைவர் சிரிக்கவில்லை.

அந்த அம்மாள் கணினியின் பிளாஸ்டிக் உறையை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "இது மூணு நாளு மூச்சுப் பேச்சில்லாமத்தான கெடந்துச்சு?" என்றார். "இதுக்காகத்தான ஊரே தண்ணி தொறக்காம உக்காந்திருந்தோம்? சாவுக்கு வேற என்ன செய்வோம்? இதுவும் சாவுதான்."

முப்பத்தொன்றாம் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்குப் பாய வேண்டிய தண்ணீர் அவருடையது. அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு உருளை. மூணு நாளு தாங்கும். மதினி சொல்றது ஞாயந்தான்" என்றார்.

"சத்தியத்துல மனுசச் சாவுன்னு சொல்லலை" என்றார் தலைவர். "சாவுன்னுதான் சொன்னோம். போடுங்க சார், மூணு நாளு."

போட்டேன். நிரல் ஒரு கேள்வி கேட்டது. எந்த வீட்டில் சாவு? அந்தக் கேள்வியை வைத்தவனும் நான்தான்.

"மெசின் இருக்கிறது கடைக்காரரு வீட்டுல" என்றார் ஒருவர்.

கடைக்காரர் பதறிவிட்டார். "என் வீட்டைப் போடாதீங்க! அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை அடிச்சாச்சு. நாப்பத்தஞ்சு போனுக்கும் என் வீட்டுல சாவுத் துட்டின்னு போச்சுன்னா சம்பந்தி மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"பெத்தவரு வீட்டைப் போடுங்க" என்றார் அந்த அம்மாள், என்னைக் காட்டி.

எனக்கு எழுபத்திரண்டு வயது. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை. என் வீட்டின்மேல் மூன்று முறை சாவு என்று எழுதினால் ஏதாவது ஆகிவிடும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது, ஆனாலும் கை போகவில்லை. மேலும் நான் அந்த ஊர்க் கணக்கிலேயே இல்லை. என்னைச் சேர்த்தால் நாற்பத்தாறு வீடாகும். நாற்பத்தாறு ஐந்தால் வகுபடாது, சுற்று குலைந்துவிடும். இதைச் சொன்னேன்.

"காடு இல்லாத வீடுன்னு போடுங்க. தண்ணி கெடையாது. நல்லது கெட்டதுக்கு மட்டும்" என்றார் தலைவர்.

சிக்னல் இருந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பேசினேன். என் மனைவி முழுவதையும் கேட்டாள். "மூணு நாள் துக்கமா? யாருக்காம்? நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க காலை மாத்திரையைப் போட்டீங்களா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள். போடவில்லை. போட்டுவிட்டு, நாற்பத்தாறாம் வீடு என்று தட்டினேன்.

பதினாறு முதல் இருபது வரை என்று திரையில் வந்தது. மறு நிமிடம் கடைக்குள்ளும் வாசலிலும் சரிவு முழுக்கவும் கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. அந்த அம்மாள் தன் செய்தியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிப் பக்கம் ஏறிப் போய்விட்டார்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். தலைவர் விடவில்லை. சாவுக்குப் பின் மறுபடி தண்ணீர் திறக்கும்போது, சாவு வீட்டுக்காரர் தொட்டியடியில் தேங்காய் உடைத்து, வந்திருப்பவர்களுக்குப் பால் விடாத வரக்காப்பி கொடுக்க வேண்டும். அது வழக்கம்.

"நீங்கதான சார் அந்த வீடு" என்றார்.

அந்த ஏற்றத்தில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். தேங்காய் உடைத்தேன். தலைவரே வால்வைத் திருப்பினார். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு இறுகியது. கீழே எட்டு அடுக்கிலும் தெளிப்பான்கள் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கியதை மேலிருந்து பார்த்தோம். முப்பத்தொரு பேர் வரக்காப்பி குடித்தார்கள். ஒருவர் மிகவும் துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் துட்டி விசாரித்தார். இறந்துபோனதற்கு வயது என்ன என்று கேட்டார். மூன்று என்றேன்.

இன்றைக்கு அது ஓடும். ஏவலாள் முகம் தெரியாத பதினொருவரின் கோப்புகளைத் தினமும் மாலை ஆறு மணிக்கு எடுத்துக் கொடுப்பான். அவர்களில் ஒருவருடைய கோப்பு என்றாவது ஒத்துவராமல் போனால், அல்லது நான் பஸ் ஏற முடியாமல் போனால், அந்த ஊர் மறுபடி தொட்டி வழிவதைப் பார்த்துக்கொண்டு உட்காரும். இதைத் தலைவரிடம் சொன்னேன். அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்ப அதுக்கும் ஒரு துட்டி போட்டுக்குவோம் சார்" என்றார். சத்தியத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று நான் சொல்ல வந்தேன். அவர்கள் ஏற்கெனவே இடம் விட்டுவிட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மார்ச் இரண்டாம் தேதி கடைக்காரர் அழைத்தார். ஆறு அடுக்கில் கேரட் முளைத்துவிட்டது. மேல் இரண்டு அடுக்கில் ஒன்றும் வரவில்லை. "மதினி இங்கதான் நிக்குது சார். திரும்ப வெதைக்கணுமாம். வெதையை நாப்பத்தாறாம் நம்பரு வீட்டுக் கணக்குல எழுதச் சொல்லுது. எழுதட்டுமா?"

பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. "எழுதுமய்யா, கேட்டுக்கிட்டு இருக்காம!"

எழுதச் சொன்னேன். பஸ் போக வர தொண்ணூறு, தேங்காய் நாற்பது, சூடம் பத்து, காப்பித்தூள் நூற்றிருபது, வெல்லம் நூற்றைந்து, காகிதத் தம்ளர் ஐம்பது, கேரட் விதை எழுநூற்றெண்பது. மொத்தம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்.